நாலாவது வரி

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தபோது சுடர்விழியின் போன் அடித்தது. அவள் கணவன் ஆனந்தராஜ் டிவி வயரைப் பிடுங்கிவிட்டு அங்கே மாட்டினான். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு, சீராக இரைய ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் அப்பா கோவிந்தராசு, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடு, பல்வலிக்காரர் போலப் படுத்திருந்தார்.

"அக்கா, எழிலரசன் பேசுறேன். போஸ்டர் ரெடி. போட்டோ வச்சிட்டேன், பேரு போட்டுட்டேன். பாட்டுதான் இல்ல."

மரப்பாலம் சந்திப்பில் அப்பா நடத்திய பேனர் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருகிறவன் எழிலரசன். விடியற்காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தெரிந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தவன். அரைமணி நேரம் திண்டாடி நின்றுவிட்டு, போஸ்டர் அடிக்கக் கடைக்குப் போயிருந்தான்.

"நீயே ஏதாவது எழுதிப் போடேன்."

"எனக்கு டைப் அடிக்கத்தான்கா தெரியும். அய்யாவுக்கே பாட்டு இல்லாம ஒட்டுனா ஊரு சிரிக்கும்."

ஊர் ஏற்கெனவே ஒருமுறை சிரித்திருக்கிறது. முதலியார்பேட்டையில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அப்பாவிடம்தான் வருவார்கள். போட்டோவுக்குக் கீழே நாலு வரி. அதற்குள் அந்த ஆளின் கதை முழுசாக இருக்கும். ஜனங்கள் சைக்கிளை நிறுத்தி, வாய்விட்டுப் படித்துவிட்டுப் போவார்கள். கனகசெட்டிக்குளத்து மீன்காரம்மா ஒருத்திக்கு எழுதியது சுடர்விழிக்கு இன்னும் மனப்பாடம்.

கனகசெட்டிக் குளக்கரையில் கண் திறந்தவள்
கூடை தூக்கி மூணு பெண்ணைக் கரையில் சேர்த்தவள்
மிச்ச மீனைப் பூனைக்கென்றே மீத்து வந்தவள்
வாசலிலே ஏழு பூனை, வரலையே அவள்.

"ஒண்ணாவது வரியில ஊரு. ரெண்டாவதுல பாடு. மூணாவதுல அந்த ஆளுக்கு மட்டுமே உள்ளது ஒண்ணு. நாலாவதுல ஆள் போயிடணும்" என்பார் அப்பா. "போகலன்னா கதை முடியாது. படிக்கிறவன் சுவத்துகிட்டயே நின்னுனு இருப்பான்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா அஞ்சலாட்சி மூன்று நாள் காய்ச்சலில் செத்தபோது, அம்மாவின் போஸ்டரை அப்பாவே கடையிலிருந்து எடுத்து வந்தார். போட்டோ இருந்தது. பேர் இருந்தது. பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. சுவருக்குச் சுவர் அந்த வெள்ளை ஒட்டியிருந்தது.

"ஊருக்கெல்லாம் பாட்டு, பொண்டாட்டிக்கு வெறுங் காயிதமா?" என்று அப்பாவின் தங்கை ரஞ்சிதம் அத்தை அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சுடர்விழி அதன்பிறகு அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரே மகள் என்பதால் புருஷனோடு இந்த வீட்டுக்கே குடிவந்தாள். சமைத்தாள், துவைத்தாள், மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். கடை பத்து நிமிஷ நடை. ஏழு மணிக்கு மேல் கடையில் அப்பா இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஆனாலும் அவர் வீடு வர எட்டரை ஆகும். குடித்த வாடையும் இருக்காது. எங்கே போகிறார் என்று கேட்பதற்கு நாக்கு வரை வந்ததை அவள் விழுங்கிவிடுவாள். தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள் இப்போது.

ரஞ்சிதம் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே நிமிர்ந்தாள். "அய்யே, பொணத்த போட்டுட்டுப் பொண்ணு கடைக்குப் போவாளா? உன் புருஷன அனுப்பு."

"அவருக்கு இன்னா தெரியும் அத்த, அப்பாவப் பத்தி?"

"உனக்கு மட்டும் தெரியுமா?"

அத்தை அதைக் குத்தலாகத்தான் சொன்னாள். சுடர்விழி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். திரையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், வெள்ளைச் சட்டையில்.

"சொல்லுக்கா, அடிக்கிறேன்" என்றான் எழிலரசன். அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"பாட்டு வேணாம். அம்மாவுக்குப் போட்ட மாதிரியே போடு."

"அக்கா..."

"அதே மாதிரி. அந்த இடத்தை வெறுசா விட்டுடு. அவரு குடுத்ததையே அவருக்குக் குடுக்கிறேன்."

எழிலரசன் பழைய பைல்களுக்குள் போய்த் தேடினான். அம்மாவின் போஸ்டர் திரையில் வந்தது. கறுப்பு பார்டர், வெள்ளைப் பின்னணி, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவில் கொஞ்சம் பயந்தாற்போல அம்மா. கீழே அந்த வெள்ளை.

அவன் அம்மாவின் படத்தை எடுத்துவிட்டு அப்பாவின் படத்தை வைத்தான். பேரை மாற்றினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"வெள்ளையில அய்யாவோட சட்டை தெரியலக்கா. மொகம் மட்டும் மெதக்குது. பின்னாடி லேசா நீலம் குடுக்கட்டா?"

"குடு."

அவன் ஒரு கிளிக் செய்தான். பின்னணி நீலமானது. அந்த வெற்றிடத்தில் வெள்ளை எழுத்துகள் தெரிந்தன.

சுடர்விழி திரைக்கு அருகே குனிந்தாள். தெருவில் யாரோ பால் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள்.

காலை பஸ்ஸில் தவளக்குப்பம் தையலுக்குப் போவாள்
மாலை பஸ்ஸில் இறங்கும்போதே "டீ குடிச்சீங்களா" என்பாள்
ஏழரை பஸ் வந்து போச்சு, எங்கே இறங்கினாளோ

அவ்வளவுதான். மூன்று வரி.

"வெள்ளைக்கு மெஷின்ல மை கிடையாதுக்கா" என்றான் எழிலரசன் மெதுவாக. "எழுத்து இருந்தாலும் காயிதம் வெறும் காயிதமாத்தான் வரும். அன்னிக்கு என்னை டீ குடிச்சிட்டு வாடான்னு அனுப்புனார். ரெண்டாவது டீயும் குடிச்சிட்டு வந்தேன். இதே சேர்ல உக்காந்துனு இருந்தார். அப்படியே பிரிண்டு குடுன்னு சொல்லிட்டு எழுந்து வெளிய போயிட்டார். எழுதலன்னுதான் நான் நெனச்சேன்."

"அழிச்சிருக்கலாமே."

"அழிக்கலையே."

சுடர்விழி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். நாலாவது வரிக்கான இடத்தைப் பார்த்தாள். அங்கே நீலம் மட்டும்தான் இருந்தது.

"தினம் ஏழு மணிக்கு மேல எங்கடா போவாரு?"

எழிலரசன் ஆச்சரியமாகப் பார்த்தான். "பஸ் ஸ்டாப்புக்கு. உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாது."

"மரப்பாலம் ஸ்டாப்புலதான். ஏழே காலுக்குக் கடைய என் தலையில கட்டிட்டுப் போயிடுவார். மழைன்னா கொட எடுத்துனு போவார். யாருக்காக நிக்கிறீங்கன்னு ஒருக்கா கேட்டேன். காத்து வாங்குறேன்டான்னார். அந்தப் பொகையில இன்னா காத்து." அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு பஸ் பாத்துட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். நீயும் அய்யாவும் பேசிக்குவீங்கன்னு நெனச்சேன்."

போன் அடித்தது. அத்தை. சுடர்விழி எடுக்கவில்லை. மூடி வைத்த தட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது. எட்டு வருஷம், ஒவ்வொரு ராத்திரியும், அந்த மூடியை அப்பா எடுக்கும் சத்தத்தை அவள் உள் அறையிலிருந்து கேட்டிருக்கிறாள். டீ குடிச்சீங்களா என்று அந்த வீட்டில் அவரை யாரும் கேட்டதில்லை.

"எழுத்தைக் கறுப்பாக்கு" என்றாள்.

அவன் ஆக்கினான்.

"இது அம்மாவோடது ஆச்சேக்கா. அய்யாவுக்கு வேற..."

"வேற இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டுதான். நாலாவது நான் சொல்றேன், அடி."

சொல்ல ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். மறுபடி சொன்னாள். அவன் ஒவ்வொரு வார்த்தையாக அடித்தான். கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு முன்னால் அவன் விரல் நின்றது. அவள் அதையும் சொன்னாள்.

எட்டு வருஷம் நின்று பார்த்தார், இன்று ஏறிப் போனார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் தாள் கதகதப்பாக வெளியே வந்தது. எழிலரசன் அதைத் தூக்கிப் பிடித்து முழுசாகப் படித்தான், தெருவில் ஜனங்கள் படிப்பதுபோல வாயை அசைத்து.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றான்.

வழக்கமாக ஒட்டும் ஆளுக்கு அன்றைக்குப் போன் கிடைக்கவில்லை. எழிலரசனே பசை வாளியை எடுத்தான். கூடவே அவளும் நடந்தாள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் முதலியார்பேட்டை சுற்று முழுக்க ஒட்டியாக வேண்டும்.

"முதல்ல ஸ்டாப்புல ஒண்ணு ஒட்டு."

அவன் ரோட்டைப் பார்த்த தூணில் பசையைத் தடவப் போனான்.

"அங்க இல்ல. உள்பக்கமா. பஸ்ஸைவிட்டு இறங்குறவங்க கண்ணுல படுற மாதிரி."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனான். வெயிலில் பசை சீக்கிரம் காய்ந்தது. கடைசி வரி மட்டும் காற்று பிடித்துக் கொஞ்சம் உப்பியிருந்தது. அதை அவன் உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தபோது, தவளக்குப்பம் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது.

சுடர்விழி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். பையும் குழந்தையுமாக ஒரு பெண், காலேஜ் பிள்ளைகள், முறத்தைத் தலையில் கவிழ்த்த ஒரு அம்மா. கடைசி ஆள் இறங்கி, கண்டக்டர் விசில் கொடுக்கும்வரை அவள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.