எதுவும் போடாத பாட்டில்

காலையில் நாங்கள் உப்புக் கொட்டகைக்குள் நுழைந்தபோது வெறும் தூறல்தான். கொஞ்ச நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. பாத்திகளுக்கு நடுவே இருந்த மண்பாதை முதலில் கரைந்தது, பிறகு இருந்த இடமே தெரியவில்லை. தலைக்கு மேல் ஓலை, உள்ளே ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்த உப்பு, வெளியே நாலாபக்கமும் தண்ணீர். தூரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை தெரிந்தது. போய்ச் சேரத்தான் வழியில்லை. 2005 கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை அப்படித்தான் அடித்தது.

நாங்கள் நாலு பேர். பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, கடைசி வருஷம். திருமுருகன் எங்கள் குழுவுக்குத் தலைவன். புதுச்சேரிக்காரன், வாய்தான் அவன் மூலதனம். பிரியதர்ஷினிக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. சிலம்பரசன் உள்நாட்டுக் கிராமத்து விவசாய வீட்டுப் பையன். எங்கே போனாலும் முதலில் சாப்பாடு எங்கே என்று பார்ப்பான். நான் ஜான்சி. அந்த உப்பளத்தில் கூலி வேலை செய்யும் மரியதாஸ், அந்தோணியம்மாள் பெற்ற பெண்.

எங்கள் புராஜெக்ட் இதுதான். உப்பைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவுக்குள், வேறு உயிர்களிலிருந்து வெட்டி ஒட்டிய ஜீனை நுழைத்தோம். உப்புத் தண்ணீர் நன்றாகத் தடித்ததும் அது சிவப்பு நிறம் காட்ட வேண்டும். பாத்தியில் மிதக்கவிட்டு உப்பு எவ்வளவு என்று பார்க்கிற டிகிரிக் குழாய் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். நாங்களும் எங்கள் சாரிடம் கேட்டோம். டிகிரிக் குழாய்க்கு யாரும் பரிசு தர மாட்டார்கள் என்றார்.

அன்று பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மேடம் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் குழுவில் ஒருவருக்கு ஜனவரியிலிருந்து அவர் ஆய்வகத்தில் இடம், கையில் சம்பளம், அப்படியே மேல்படிப்பு. பரீட்சைக்கு மட்டும் கல்லூரிக்கு வந்தால் போதும். மற்ற மூன்று பேரும் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஜனவரி எங்கள் உப்பளத்திலும் முக்கியமான மாதம். மழை வடிந்ததும் ஆட்கள் வரிசையாக நின்று பாத்தி மிதிப்பார்கள். களிமண் தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பொங்கல் லீவு என்றால் எனக்குப் பாத்தி மிதிப்பதுதான். "வர்ற தைக்கு எம்பொண்ணு மிதிக்க வராது, வேற ஆளு பாத்துக்குங்க" என்று அப்பா மேஸ்திரியிடமே சொல்லிவிட்டார்.

கொட்டகை மூலையில் மூன்று பாட்டில்கள். கல்லூரியில் தயார் செய்து, இங்கே இருக்கும் வெக்கையிலேயே வளரட்டும் என்று ஐப்பசித் தொடக்கத்தில் கொண்டுவந்து வைத்தவை. முதல் பாட்டிலில் எங்கள் பாக்டீரியாவும் நிறைய உப்பும், சிவக்க வேண்டும். இரண்டாவதில் பாக்டீரியாவும் கொஞ்சம் உப்பும், சிவக்கக் கூடாது. மூன்றாவதில் உப்பு நிறைய, பாக்டீரியா மட்டும் இல்லை. எதுவும் போடாத பாட்டில். அது கடைசிவரை தெளிவாகவே இருந்தால்தான், சிவப்பு எங்கள் கைவேலை என்று அர்த்தம்.

முதல் பாட்டில் செம்பருத்தி போலச் சிவந்திருந்தது. இரண்டாவது வெளிறிக் கிடந்தது. திருமுருகன் ஒரு குத்தாட்டம் போட்டான். மூன்றாவதைச் சாக்குக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தோம். காலிப் பாட்டிலை யார் போய்ப் பார்ப்பார்கள்? ஓலை ஒழுகுகிறதென்று சாக்கை இழுத்தபோதுதான் நான் பார்த்தேன்.

அதுவும் சிவந்திருந்தது.

சீட்டு மாறிவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருமுருகனின் கோழிக்கிறுக்கல்தான்: காலி. சாக்கைத் திரும்ப மூடினேன்.

அந்த நேரம் பார்த்து சிலம்பரசனுக்குப் பசி. கூலியாட்கள் மதியச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளும் கருவாட்டுப் பை ஒன்று கழியில் தொங்கியது. அதற்குள் கையை விட்டான்.

"ஏய் ஜான்சி, இன்னா இது? மீனுக்கு ரோஸ் பவுடர் பூசி வச்சிருக்காங்க?"

"செவப்பு விழுந்துடுச்சுடா. மழைக்காலத்துல அப்படித்தான் விழும். தூக்கிப் போடு."

சொல்லி முடித்ததும் சாக்கைத் திரும்பிப் பார்த்தேன். மீனில் விழுந்த சிவப்பும் பாட்டிலில் இருந்த சிவப்பும் ஒரே சிவப்பு. மீனுக்கு அது எங்கிருந்து வரும்? மேலே தூவுகிற உப்பிலிருந்து.

ஆய்வகத்தில் உப்பு தீர்ந்துபோனபோது வீட்டிலிருந்து ஒரு பை நான்தான் கொண்டுபோனேன். எங்கள் மரக்காணத்தில் உப்பை விலைக்கு வாங்கினால் ஊரே சிரிக்கும். அவ்வளவு உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பாத்திரம் பொங்கி வழிகிறதென்று, மற்றதையெல்லாம் ஆவியில் வேகவைத்துவிட்டு உப்பைக் கடைசியில் அப்படியே கொட்டினோம். நாலு பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. மீன் கெடாமல் இருக்கத்தானே உப்பு? உப்புக்குள்ளேயே ஒன்று உயிரோடு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்! வேறு கிருமி வராமல் இருக்க மருந்து போட்டிருந்தோம். இந்தக் கிருமி அதைச் சட்டை செய்யவே இல்லை போலிருக்கிறது. உப்பு குறைவாக இருந்த இரண்டாவது பாட்டிலில் மட்டும் அதனால் வளர முடியவில்லை.

சாக்கை விலக்கி மூன்று பேருக்கும் காட்டினேன். பிரியதர்ஷினி கையில் கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பரபரவென்று புரட்டினாள்.

"இருக்குதுடி. உப்புக்கல்லுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி மாட்டிக்குமாம். அதுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்குமாம். யாராச்சும் கரைச்சா வெளியே வருமாம்."

"அதுக்காவது வெளியே வரக் கொடுப்பினை இருக்குது" என்றேன்.

திருமுருகன் பாட்டிலை எடுத்தான். நேராக வாசலுக்குப் போய் மழைத் தண்ணீரில் கவிழ்த்தான். சிவப்பு ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"டேய், இன்னாடா பண்றே?" என்றேன்.

"காலிப் பாட்டில் காலியாத்தான் இருக்கணும். மழையில ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

நான் கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தினான். கூரை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. பிரியதர்ஷினி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஜான்சி, எனக்கு வேலை கிடைச்சாச்சு. திருமுருகனுக்கு அவங்க அப்பா மெடிக்கல் ஷாப் இருக்குது. சிலம்புக்கு நெலம் இருக்குது. இதை விட்டா உனக்கு இன்னாடி இருக்குது? நாங்க வாயைத் திறக்க மாட்டோம். நீயும் திறக்காதே."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் எழுந்து போகலாம். அன்பாகச் சொன்னால் எங்கே போவது? எழுந்து போனாலும் வாசல்வரைதான். இடுப்பளவு தண்ணீர். மாதாவே, இந்த மழை விடவே வேண்டாம், அந்த மேடம் வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

வந்துவிட்டார். டிராக்டரில். ஓட்டியது அப்பா. பக்கத்தில் குடை பிடித்தபடி மேடம், பின்னால் டீ ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அம்மா. வழியில் அப்பா எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு வந்திருப்பார் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற சட்டை.

மேடம் நல்ல மனுஷி. சேலத்துப் பக்கம், தமிழில்தான் பேசினார். முதல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டாவதைப் பார்த்தார்.

"மூணாவது எங்கே?"

"மழையில ஒடஞ்சிடுச்சு மேடம்" என்றான் திருமுருகன்.

"அடடா. பரவாயில்லை." என் பக்கம் திரும்பினார். "நீதானே ஜான்சி? ஜனவரியில வந்துடு. ஆறு மாசம் உனக்கு வேற வேலையே கிடையாது. இந்தச் சிவப்பைத் தினமும் வளர்த்து எனக்குக் காட்டணும், அவ்வளவுதான்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வாள்.

தினமும். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. தினமும் வீட்டு உப்பைக் களவாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தினமும் காலிப் பாட்டிலை உடைக்க வேண்டும். இந்தக் கொட்டகையிலிருந்து தப்பித்து, இதைவிடச் சின்ன ஒரு கொட்டகைக்குள் போய், உள்ளேயிருந்து நானே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. பயத்தில்தான் சொன்னேன்.

"மூணாவது ஒடையல மேடம். அதுவும் செவந்துடுச்சு. இது நாங்க பண்ணது இல்ல. கருவாட்டுல விழற செவப்பு. உப்புலயே இருக்குது."

"டென்ஷன்ல உளர்றா மேடம்" என்றான் திருமுருகன். அவன் குரல் உடைந்திருந்தது.

மேடம் அவனைப் பார்க்கவில்லை. "அந்த உப்பு மிச்சம் இருக்கா?"

"சுத்திப் பாருங்க மேடம்" என்றேன்.

அவர் பார்த்தார். ஆள் உயரத்துக்கு உப்பு. சிலம்பரசன் சிரித்துவிட்டான், உடனே வாயை மூடிக்கொண்டான். மேடம் ஒரு கவரில் ஒரு பிடி உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"நீ சொன்னது சரியாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா இப்போ புராஜெக்ட்டே இல்லையேம்மா. எதைக் காட்டி உன்னைக் கூப்பிடுவேன்?"

"தெரியுது மேடம்."

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார். டிராக்டரில் அவரோடு அந்த மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். பிரியதர்ஷினி அழுதுகொண்டே போனாள். திருமுருகன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா வண்டியைக் கிளப்புமுன் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

நானும் அம்மாவும் கொட்டகையில் நின்றோம். "நீ பொய் சொல்லலையே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். அது ஆறிப்போயிருந்தது.

பெங்களூரிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. தை பிறந்தது. பொங்கல் லீவில் பாத்தி மிதிக்கப் போனேன். அப்பா மேஸ்திரியிடம் என்ன சொல்லிச் சேர்த்தாரோ, நான் கேட்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் அம்மா. குதிகால் வெடிப்பெல்லாம் சேறு.

பாதிப் பாத்தியில் அம்மா திரும்பாமலே கேட்டாள். "அந்த செவப்பு இதுலயும் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"உயிரோடவா?"

"உயிரோடதான்."

இன்னும் நாலு அடி மிதித்தாள்.

"இருந்துட்டுப் போவுது" என்றாள். "நீ கால அழுத்தி வையி."