மூன்று பேருக்குத் தெரிந்த வீடு

ராதிகாவின் மகளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று போன் வந்தபோது எழிலரசி நல்லம்பள்ளிச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசியது கம்பைநல்லூரில் தையல் நிலையம் வைத்திருக்கும் பாஞ்சாலி. அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"கார்ல வந்தானுங்க மேடம், மூணு பேரு. ராதிகா எளநி வாங்கப் போயிருந்துச்சு. புள்ள அம்மை போட்டுப் படுத்திருந்துச்சுங்களா, அப்படியே பாயோட சுருட்டித் தூக்கிட்டானுங்க. நான் கத்துனேன், ஒருத்தன் என்னைப் புடிச்சுத் தள்ளிட்டான்."

கூடையை அப்படியே கடைக்காரியின் முன்னால் வைத்துவிட்டு எழிலரசி பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

ராதிகா பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பெண். கணவன் கோகுல்ராஜ் டிராக்டரும் நெல் அறுக்கும் இயந்திரமும் வாடகைக்கு விடுகிறவன். ஊரில் நல்ல பெயர். வீட்டுக்குள் மட்டும் அவன் வேறு ஆள். கடைசியாக அடித்தபோது ராதிகாவின் ஒரு காது கேட்காமல் போயிற்று. அன்றைக்குத்தான் அவள் மகள் கலைமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்தாள்.

வந்தவளைத் தாங்கிக்கொள்ள தர்மபுரி வட்டாரத்தில் ஒரு கூட்டுக்குழு இருந்தது. எழிலரசி வேலை பார்க்கும் சின்னத் தொண்டு நிறுவனம், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு, காவல் நிலையம், ஒரு வக்கீல் எல்லோரும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது முதலில் குழுப் பெண்களின் காதுக்குத்தான் வரும். அவர்கள் தலைவி மலர்விழியிடம் சொல்வார்கள். மலர்விழி எழிலரசியிடம் சொல்வாள். இந்த ஏற்பாட்டையே உண்டாக்கியவள் மலர்விழிதான். எழிலரசிக்கு அவள் மலரக்கா. ஒரு தடவை எவனோ ஒருவன், தன் மனைவியை மறைத்து வைத்திருக்கிறாள் என்ற ஆத்திரத்தில் எழிலரசி வீட்டின் மேல் கல் எறிந்துவிட்டுப் போனான். அப்போது மலரக்கா தன் வீட்டு வேலையெல்லாம் போட்டுவிட்டு ஒரு வாரம் வந்து கூடவே இருந்தாள். பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆக்கிப் போட்டாள், கதவருகே படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ராதிகாவுக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்திருந்தது. கோகுல்ராஜ் அவள் பக்கம் வரக் கூடாது, பிள்ளை இப்போதைக்குத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. கம்பைநல்லூரில் அவள் இருக்கும் இடம் எழிலரசிக்கும் மலர்விழிக்கும் எஸ்.ஐ. தமிழ்மணிக்கும் மட்டும் தெரியும். இடம் கொடுத்த பாஞ்சாலிக்கே ராதிகா யார் மனைவி, எந்த ஊர் என்பது தெரியாது. ஆனால் வந்தது கோகுல்ராஜ்தான் என்று எழிலரசிக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

பேருந்தில் ஏறியதும் எழிலரசி முதலில் கூப்பிட்டது மலரக்காவைத்தான்.

"அக்கா, கோகுல்ராஜ் பாப்பாவத் தூக்கிட்டான்."

"தூக்கிட்டானா?" என்றாள் மலர்விழி.

"எப்படிக்கா தெரிஞ்சுது அவனுக்கு? நம்ம மூணு பேரத் தவிர யாருக்கும் தெரியாதே. எனக்கென்னமோ அந்த எஸ்.ஐ. மேலதான் சந்தேகமா இருக்குது. அவரும் பாப்பாரப்பட்டிப் பக்கந்தானே?"

"ஆமா எழிலு, எனக்கும் அதேதான் தோணுது," என்றாள் மலர்விழி. "போலீஸ்காரங்கள ரொம்ப உள்ள வுடாதேன்னு நான் அப்பவே சொல்லல? சரி, நீ பாத்துப் போ."

அந்தக் குரலைக் கேட்டதும் எழிலரசிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தையல் நிலையத்தின் பின்னறையில் ராதிகா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். பாய் விரித்திருந்த இடத்தில் வேப்பிலைக் கொத்து மட்டும் கிடந்தது. வாங்கி வந்த இளநீர் சுவரோரம் உருண்டிருந்தது. எழிலரசி கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். ராதிகா அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? ஏம்மா இப்படிக் கேக்கற?"

"பின்ன யாரு? நான் எங்கம்மாகிட்டகூட சொல்லல. என் தம்பிகிட்ட சொல்லல. உங்க ஒருத்தரத்தானே நம்பினேன்."

தான் இல்லை என்று சொல்வதைவிட, செய்தவன் யார் என்று அவள் கண்முன்னாலேயே காட்டிவிட வேண்டும் என்று எழிலரசிக்குத் தோன்றியது. போனை எடுத்துத் தமிழ்மணியைக் கூப்பிட்டாள். எடுத்ததும் பொரிந்து தள்ளினாள். உங்க ஊர்க்காரன்னு பாசமா, என்ன குடுத்தான் உங்களுக்கு, உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா இப்படிச் செய்வீங்களா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். பாஞ்சாலியும் தையல் பழகும் பெண்களும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேசி முடிச்சிட்டீங்களா மேடம்?" என்றார். "நான் ஜீப் எடுத்துக்கிட்டுக் கெளம்பறேன். கோர்ட் உத்தரவோட நகல எடுத்துக்குங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு தர்மபுரி வந்துருங்க, அங்கிருந்து சேந்து போவோம். மொதல்ல புள்ளய வாங்குவோம். என்னத் திட்டறத அப்புறம் வச்சுக்கலாம்."

பாப்பாரப்பட்டிக்குப் போகிற வழியெல்லாம் ஜீப்பில் ராதிகா பின் இருக்கையில், கேட்காத காதை எழிலரசி பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கோகுல்ராஜ் வாசலிலேயே நின்றிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினான். தமிழ்மணி இறங்கிப் போய் உத்தரவைக் காட்டினார். "எம் புள்ள சார், அப்பன் புள்ளயத் தூக்கறது ஒரு குத்தமா?" என்று அவன் ஊர் கேட்கக் கத்தினான். "குத்தந்தான், இதுல எழுதியிருக்குது, படி," என்றார் தமிழ்மணி. குரலை உயர்த்தவேயில்லை. வார்த்தை தடித்துக்கொண்டிருக்கும்போதே எழிலரசியும் ராதிகாவும் ஜீப்பில் கூட வந்திருந்த பெண் காவலரோடு உள்ளே போனார்கள்.

உள்ளறையில் கலைமதி படுத்திருந்தாள். உடம்பெல்லாம் கொப்புளம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தாயைக் கண்டதும் கையை மட்டும் நீட்டினாள், எழுந்திருக்க முடியவில்லை. ராதிகா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்த மாமியார் காசியம்மாள் தடுக்கவில்லை. எழிலரசியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏம்மா, இது நல்லா இருக்குதா? அம்மை போட்ட புள்ளய யாரோ ஒருத்தர் வூட்ல போட்டு வச்சிருக்கீங்களே. மலரு போன் பண்ணி, புள்ளைக்கி அம்மை போட்டிருக்குது, வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொன்னப்பவே எனக்கு மனசு கேக்கல. அவளாச்சும் நல்ல மனசுக்காரி. எடம் எங்கன்னு வெவரமாச் சொன்னா. நீங்க எல்லாம் குடும்பத்தப் பிரிக்கறதுக்குன்னே வந்திருக்கீங்க."

எழிலரசிக்கு முதலில் புரியவில்லை. "எந்த மலரு?" என்றாள்.

"உங்க தலைவியம்மாதான். வேற எந்த மலரு?"

பிள்ளைக்கு அம்மை என்பதை எழிலரசி ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். என்ன பத்தியம் கொடுக்கலாம் என்று கேட்கப் போய், முந்தாநாள் மலரக்காவிடம் சொன்னாள். அவளும் நிதானமாக, நுங்கு கொடு, இளநீர் கொடு, எண்ணெய் சேர்க்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்.

கிழவி பேச ஆரம்பிக்கும்போதே ராதிகா பிள்ளையோடு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். எழிலரசி அந்த அறையில் அப்படியே நின்றாள். பெண் காவலர் வந்து கையைப் பிடித்து, "வாங்க மேடம், போலாம்," என்ற பிறகுதான் கால் நகர்ந்தது.

ஜீப்பில் ஏறும்போது தமிழ்மணியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே கிழவி பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் டிரைவரைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு வுடுப்பா, புள்ளைக்கு ஜொரம் அடிக்குது," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் மலர்விழி தன் சாமந்தித் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். எழிலரசி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பறிப்பதை நிறுத்தவில்லை.

"காசியம்மா சொல்லிட்டாங்க," என்றாள் எழிலரசி.

"தெரியும். எனக்கும் போன் பண்ணுச்சு." மலர்விழி மடியில் இருந்த பூவைக் கூடையில் கொட்டினாள். "ஆமா, நாந்தான் சொன்னேன். நாலு தடவ வந்து எங்கால்ல வுழுந்தான் எழிலு. குடிக்கறத வுட்டுட்டேங்கா, ஒரு தடவ புள்ள மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேங்கான்னு அழுதான். ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல."

"ராதிகா அழுததையும் நீங்க பாத்தீங்களே அக்கா. காதுல ரத்தம் வழிய வந்தப்ப நீங்கதானே முந்தானையால தொடச்சி வுட்டீங்க?"

மலர்விழி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு லேசாகக் கோணியிருந்தது. எழிலரசி அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கிணற்று மேட்டில் விழுந்ததாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தீர்த்தகிரி ஒடச்சது," என்றாள். தீர்த்தகிரி அவள் கணவன். அதிர்ந்து பேசாத மனிதர், எழிலரசி போனால் தேநீர் போட்டுக் கொடுப்பவர். "நான் எங்கேயும் போவல. இருந்தேன். பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கி அந்தாளு எம் பேச்சத் தாண்டறதில்ல. வெளிய போனவளுங்கள நீயும் பாக்கற. வாடகைக்கி வூடு கெடைக்காம, நாலு பேரு வாயில வுழுந்து... ராதிகாவும் கொஞ்சம் பொறுத்திருந்தா சரியாயிருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. சத்தியமாச் சொல்றேன், தூக்கிட்டுப் போவான்னு நெனைக்கவே இல்ல."

எழிலரசிக்கு அந்தக் கையைப் பார்த்து மனம் இளகத்தான் செய்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். ஆனால் அவளை இரவெல்லாம் அரித்தது வேறு.

"அத வுடுங்க அக்கா. நேத்து பஸ்ல இருந்து கூப்ட்டேன். எஸ்.ஐ. மேல சந்தேகமா இருக்குதுன்னேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

மலர்விழி குனிந்துகொண்டாள்.

"எனக்கும் அதேதான் தோணுதுன்னீங்க. நான் அந்த மனுசன நாலு பேரு முன்னால கேவலமாப் பேசினேன். உங்க வார்த்தைய நம்பித்தான் பேசினேன். அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலியா அக்கா?"

"பயந்துட்டேன்," என்றாள் மலர்விழி. சின்னப் பிள்ளை சொல்வதுபோல இருந்தது. "நீ என்னை வுட்டுப் போயிருவியேன்னு பயந்துட்டேன்."

எழிலரசி வரப்பில் திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து, "எழிலு, சாப்ட்டுட்டுப் போ," என்று குரல் வந்தது. எப்போதும் வருகிற அதே குரல். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் எழிலரசி நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னாள். தமிழ்மணியிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர், "வுடுங்க மேடம், எங்க உடுப்புக்கு இது பழக்கந்தான்," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது அவளைச் சுட்டது. கோகுல்ராஜ் மேல் உத்தரவை மீறியதற்கு வழக்குப் பதிவாகியிருந்தது. மலர்விழி ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் குழுப் பெண்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அதில் ஒருத்தி கதவருகே நின்று, "தாயும் புள்ளையுமா பழகினவங்கள இப்படிச் சபையில வச்சு அசிங்கப்படுத்தலாமா?" என்று எழிலரசியைக் கேட்டுவிட்டுப் போனாள்.

ராதிகா கம்பைநல்லூரை விட்டுப் போனாள். வேறிடம் பார்த்துக் கொடுத்தது வக்கீல். போவதற்கு முன்பு எழிலரசியிடம் போனில் பேசினாள்.

"உங்க மேல தப்பு இல்லன்னு எஸ்.ஐ. சொன்னாருக்கா. நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க."

"எங்கம்மா போற?"

ராதிகா தயங்கினாள். "அதக் கேக்காதீங்கக்கா. நீங்க நல்லவங்கதான். ஆனா நீங்க யார நம்புவீங்கன்னு எனக்குத் தெரியாதே."

எழிலரசி சரி என்றாள்.

அதற்குப் பிறகு கிராமங்களிலிருந்து அவளுக்குப் போன் வருவது குறைந்துவிட்டது. பல ஊர்களில் மலர்விழியின் வாய்ச்சொல்தான் பெண்களுக்கு வழியாக இருந்தது. அந்த வழி அடைபட்டதும் யாருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எழிலரசி ஊர் ஊராக அலைந்தாள். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை.

ஆடி முடிந்து ஒரு நாள் காலையில் வத்தல்மலையிலிருந்து செல்லி என்று ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் துணிப்பை. கழுத்தில் விரல் பதிந்த தடம். எழிலரசி உட்கார வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோவுக்குச் சொன்னாள்.

"இங்க வரச் சொல்லி யாரும்மா சொன்னது?"

"மலரக்காதாங்க. சந்தையில பாத்தேன். என்னப் பாத்ததும், நேரா எழிலுகிட்டப் போ, அவ உன்னக் கைவுட மாட்டான்னு சொல்லி பஸ் ஏத்தி வுட்டாங்க." செல்லி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "பத்திரமா எடம் கெடச்சதும் ஒரு வார்த்த சொல்லு, இல்லன்னா எனக்குத் தூக்கம் வராதுன்னாங்க. அவங்களுக்குச் சொல்லிரலாங்களா?"

எழிலரசி கையிலிருந்த போனைப் பார்த்தாள். மலரக்காவின் எண்ணை அவள் இன்னும் அழிக்கவில்லை. பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"வேண்டாம்மா," என்றாள். "யாருக்கும் சொல்ல வேண்டாம்."

வெளியே ஆட்டோ வந்து நின்றது. எழிலரசி செல்லியின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.