பதினாறு நிமிடத் தள்ளுபடி

கோதையாறு இசைக்குழுவின் 'திற்பரப்பு' என்ற பாட்டின் விலை இருபத்தெட்டு நிமிடம். நாற்பது வருடமாக அதே விலைதான்; கேட்டவர்கள் எல்லோரும் முழுதாகக் கொடுத்துத்தான் கேட்டார்கள். கோட்டாற்றில் கிராம்பும் நல்லமிளகும் மொத்தமாக விற்கிற ரசலையன் மட்டும் ஒரு செப்டம்பர் காலையில் அதைப் பன்னிரண்டுக்குப் பேசி முடித்தார். அன்று கிராம்பு கிலோ எண்ணூற்றைம்பதில் நின்றது.

கோதையாறு குழுவை எண்பதுகளில் தொடங்கியவர்கள் சர்ச் பாடகர் குழுவிலிருந்து பிரிந்த மூன்று பேரும், கடியப்பட்டணத்துக் கிளீட்டஸும். ஒரு பாட்டில் ஐந்து தாளம் மாறும். மலையில் புறப்பட்ட ஆறு கடலைத் தொடும்வரை பாட்டு நிற்காது. கல்யாண வீட்டுக்கு ஆகாது, திருவிழாவுக்கும் ஆகாது. அதனால் குழுவுக்குப் பிழைப்பு இல்லை. பிழைப்பே இல்லாததால் நொடித்துப்போகவும் வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கிடார்காரர்களில் ஒருவர் மஸ்கட்டுக்கும் ஒருவர் போதகர் வேலைக்கும் ஒருவர் ரப்பர் தோட்டத்துக்கும் போனார்கள். டிரம்ஸ் அடித்தவர்களை எண்ணுவதை ஊர் நிறுத்திவிட்டது. ஆர்கன் வாசிக்கிற கிளீட்டஸ் மட்டும் அசையவில்லை.

ரசலையனின் மனைவி ஜெபகுமாரி கல்லூரி நாளிலிருந்தே அந்தக் குழுவுக்கு அடிமை. கல்யாணத்தன்று நகைப்பெட்டிக்குள் அவர்களுடைய கேசட்டையும் வைத்துக் கொண்டுவந்தவள். ஒவ்வொரு டிசம்பரிலும் குழு நாகர்கோவிலில் வாசிக்கும், ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் கூப்பிடுவாள். டிசம்பர் நல்லமிளகு வரத்து தொடங்குகிற மாதம், அடுத்த வருசம் பார்ப்போம் என்பார் ரசலையன். முப்பது டிசம்பர்கள் நல்லமிளகோடு போயின. பிறகுதான் டாக்டர், காது நரம்பு வற்றுகிறது, ஈஸ்டர் வரை தாங்கினால் பெரிது என்றார். அன்றே ஜெபகுமாரி கேசட்டையும் போனையும் அலமாரியில் பூட்டினாள். மிச்சமிருந்த கேட்கும் சக்தியை டிசம்பருக்கென்று சேர்த்துவைத்தாள்.

"இந்த வருசம் நீங்களும் வாறிய. பக்கத்துல இருந்து கொட்டாவி விடப்பிடாது, கேட்டியளா? மூணு மாசம் கெடக்கு. எல்லாப் பாட்டையும் கேட்டுப் பழகிட்டு வாங்க. திற்பரப்புல நடுவுல ஆர்கன் மட்டும் தனியா வரும், அருவி விழுற எடம். அது எனக்க எடம்."

அவள் இதைச் சொன்னபோது ரசலையன் மாறாமலையிலிருந்து வந்த கிராம்பு மூட்டைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காது உள்ளவர். கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

பக்கத்துப் புளிக்கடை முருகதாஸ் பாட்டுகளை எல்லாம் அவர் போனில் ஏற்றிக்கொடுத்தான். முதலில் வந்தது திற்பரப்பு. ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு ஆர்கன் தனியாக ஓட ஆரம்பித்தது. ஓடியது, ஓடியது, முடிகிற வழியாக இல்லை. சரக்குக்குத் தகாத விலை என்று ரசலையனுக்குப் பட்டது. அவர் அப்பா மாட்டுத் தரகர். துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரல் பிடித்து, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விலை முடிப்பது குடும்பப் பழக்கம். தோளில் கிடந்த துண்டைப் போன்மேல் போட்டுக் கையை உள்ளே விட்டார். உள்ளே ஒரு கை இருந்தது. உப்பு ஈரம், சுண்டுவிரல் உட்பக்கமாக வளைந்திருந்தது. அது இருபத்தெட்டிலேயே நெடுநேரம் நின்றது. நடுவில் கிடக்கிற பதினாறைத் தள்ளு என்று ரசலையன் அழுத்தினார். அந்தக் கை விட்டுக்கொடுத்தது.

"என்ன அண்ணாச்சி, போனுக்கா வெல பேசுதிய?" என்றான் முருகதாஸ்.

"பேசியாச்சு மக்கா. பாதிக்கும் கீழ."

அந்த நிமிடமே உலகத்தில் இருந்த எல்லாப் பிரதிகளிலும் பாட்டு பன்னிரண்டாகச் சுருங்கியது. கேசட்டுகளில் நாடா குறைந்தது. வளைகுடாவில் இருந்த ரசிகர்கள் வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுப் புது நீளத்துக்குப் பழகிக்கொண்டார்கள்.

ரசலையன் வாக்குப் பிசகாத வியாபாரி. மற்ற பாட்டுகளைத் தினமும் கடையில் வைத்துக் கேட்டார். முதல் வாரம் தலைவலி. அக்டோபரில் அவர் கை தானாக ஏழு தட்டுக்கு ஒருமுறை கிராம்பு அள்ளியது. நவம்பரில், மணத்தை வைத்து எந்த மலைக் கிராம்பு என்று சொல்வதுபோல, அடியை வைத்து இது எந்த டிரம்ஸ்காரன் என்று சொன்னார். அந்தக் காதோடு ஒருநாள் திற்பரப்பை மறுபடி போட்டார். ஆறாவது நிமிடத்தில், நிறைமூட்டை என்று நினைத்து விட்ட கை காலிச்சாக்கில் போய் முட்டியது போலிருந்தது. எனக்க எடம் என்று அவள் சொன்னது அப்போதுதான், இரண்டு மாதம் தாமதமாக, அவர் காதில் வந்து விழுந்தது. சரக்கின் தரம் தெரியுமுன்னே விலை பேசியவன் என்று அவர் அதுவரை எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். துண்டை எடுத்துப் போர்த்தினார். இருபத்தெட்டு தருகிறேன் என்றார். நாற்பது என்றார். ஒரு மணிநேரம் என்றார். உள்ளே யாரும் கை கொடுக்கவில்லை.

மேடையில் நேராக வாசிக்கும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல், கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். ஜெபகுமாரி கிறிஸ்துமஸ் சேலையே உடுத்திருந்தாள். திற்பரப்பு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு மலையிறங்கி வந்தது. அந்த இடத்தில் கிளீட்டஸ் இரண்டு கைகளையும் ஆர்கனுக்கு மேலே தூக்கி, பிறகு தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் அருவி இல்லாத ஆற்றைக் கடலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அருவி எங்க?" என்றாள் ஜெபகுமாரி. காது மங்கியவர்களின் உரத்த குரலில் கேட்டதால் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "செரி. அதுக்குள்ள போயிட்டு எனக்க காது."

"காதுக்கு ஒண்ணுமில்லட்டி. அவன் வாசிக்கல்ல."

"எனக்காவச் சொல்லுதிய," என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வாழ்நாளில் பேரம் வைக்காமல் ரசலையன் சொன்ன முதல் உண்மை அது. விலைபோகவில்லை.

முடிந்ததும் மேடைப் பின்பக்கம் போய்க் கிளீட்டஸிடம் கை நீட்டினார். வந்த கையில் சுண்டுவிரல் வளைந்திருந்தது. சின்ன வயதில் வள்ளத்துக் கயிறு கடித்தது என்றார் கிளீட்டஸ். "எனக்கும் புரியல்ல சாரே. செப்டம்பர்லேருந்து அந்த எடம் வந்தா கை எழும்பமாட்டங்கு." ரசலையன் அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு ஜெபகுமாரிக்குக் காது முழுதாக அடைத்துப்போனது. ஜூன் மாதம், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்திருந்த ஒரு மூன்று மணிக்கு, மாறாமலைக் கிராம்பு மூட்டைக்குள்ளிருந்து ஆர்கன் ஒலித்தது. பதினாறு நிமிடம். மூட்டை தூக்குகிறவர்கள் தலைச்சுமையோடு நின்று கேட்டார்கள். ஒலித்து முடிந்தபோது சாக்கு அருவியடியில் கிடந்ததுபோல் நனைந்து மூன்று கிலோ எடை கூடியிருந்தது. ரசலையன் அந்த எடையைக் காசாக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு ஒலித்தது. ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கு அது மூன்று மணி என்று ஆகிவிட்டது.

"மதினியக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி," என்றான் முருகதாஸ். சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு புளியைக் கிளறப் போனான்.

ரசலையன் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெபகுமாரி மூட்டையைத் தொட்டு, "இது என்னத்துக்கு நனஞ்சிருக்கு?" என்றாள். அவர் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போர்த்தினார். முதலில் பத்தும் ஆறும் அழுத்தி, அருவியின் பதினாறு நிமிடத்தைத் தான் தள்ளியதை ஒப்புக்கொண்டார். முப்பது வருடத்தில் அந்த விரல்கணக்கு அவளுக்கும் பழகியிருந்தது. பிறகு மூட்டை வாசிக்க வாசிக்க, கேட்டதைக் கேட்டபடி அவள் விரல்களில் வாசித்தார். கிராம்புக்குப் பழகிய விரல்கள். பாதி தாளம் தவறியது. ஜெபகுமாரி கண்ணை மூடியிருந்தாள். வெகுநேரம் கழித்து, "விழுது," என்றாள். பிறகு, "அப்போ எனக்க காது அன்னைக்கிப் போகல்ல," என்றாள். அவர் கையை அவள் விடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது தினமும் மூன்று மணிக்கு அவள் கடைக்கு வருகிறாள். வாசித்து முடித்ததும், எவ்வளவு தேறியது என்று ரசலையன் துண்டுக்கடியில் கேட்பார். அவள் ஒரு விரலைக் கொடுப்பாள்; ஒரு நிமிடம். இரண்டாக்கு என்று அவர் அழுத்திப் பார்ப்பார். ஜெபகுமாரி ஏறமாட்டாள். தள்ளியது பதினாறு, போய்ச் சேர்ந்தது ஒன்று, பாக்கி பதினைந்து. மறுநாள் மூன்று மணிக்கு அது மறுபடியும் பதினாறாகிவிடுகிறது.