உப்புத் தண்ணீருக்கு ஒரு மெமோ

குளோரின் ஆலையின் மின்கல அறை ஆப்பரேட்டருக்கு மேனேஜராக வந்து வாய்த்தவன் அவருடைய மனைவியின் தம்பி. வீட்டில் வாய் நிறைய "அத்தான்" என்பான். கேட்டைத் தாண்டிவிட்டால் வெறும் "ஆப்பரேட்டர்"தான்.

காஸ்டிக் சோடா தொட்டிகள் ஏழும் கழுத்துவரை நிரம்பியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு அவன் முகம் சுளித்தான்.

"இதை வாங்க ஆளில்ல. நாளைலேருந்து குளோரின் மட்டும் போடுங்க."

"உப்புத் தண்ணில கரண்டு விட்டா ஒரு பக்கம் குளோரின் வரும், இன்னொரு பக்கம் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும் சார். ஒண்ணை விட்டு ஒண்ணு வராது."

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"யார்கிட்ட சார்?"

"உப்புத் தண்ணிகிட்ட."

மறுநாள் உப்புநீர்த் தொட்டியில் மெமோ ஒட்டியிருந்தது. தேவையற்ற பொருளை உற்பத்தி செய்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். தொட்டி வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் விசாரணை வைத்தார்கள். ஒரு குடுவை உப்புநீருக்கு நாற்காலி போட்டு, அதன் சார்பில் பேச ஆப்பரேட்டரையே நிறுத்தினார்கள். முதலில் அவருக்கு மானம் போயிற்று. பேசப் பேச ரோஷம் வந்துவிட்டது.

"உப்புலேருந்து குளோரினைப் பிடுங்கிக்கிறது நாமதான் சார். தனியா நிக்கிற சோடியம் எங்க போகும்? தண்ணியோட சேர்ந்து காஸ்டிக் ஆகுது. இதுல என்ன குத்தம்?"

விசாரணையை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா கண்கலங்கி மூக்கை உறிஞ்சினார். மேனேஜர் மசியவில்லை. உப்புநீருக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன்.

உப்புநீர் நின்றதும் குளோரினும் நின்றது; ஊர்க் குடிநீரைச் சுத்திகரிக்க அது போகவில்லை. மூன்றாம் நாள் மேனேஜரின் அக்காவே அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "குழாய்த் தண்ணி நாறுதுடா! உன் மெமோவை நீயே கரைச்சுக் குடி!"

சஸ்பென்ஷன் அன்றே ரத்தானது. ஆப்பரேட்டர் யாரையும் கேட்காமல் காஸ்டிக்கில் தண்ணீர் கலந்து, குளிரவைத்து, கொஞ்சம் குளோரினை அதற்குள் செலுத்தினார். துணி வெளுக்கும், கிருமி கொல்லும் நீர் கிடைத்தது. சலவை நிலையங்களும் மருத்துவமனைகளும் அடித்துப்பிடித்து வாங்கின. தொட்டிகள் காலியாயின.

'உப்புநீர் திருந்திவிட்டது' என்று மேனேஜர் தலைமையகத்துக்கு எழுதினான். அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் பதக்கம் உப்புநீர்த் தொட்டிக்கே வந்தது. அதை மாட்டிவிடும் வேலை ஆப்பரேட்டருக்கு.

அன்று மாலை மனைவியிடம் பொருமித் தீர்த்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுவாவது திருந்திச்சு. நீங்க?"