கம்பனி மேப்

ஞாயிற்றுக்கிழமையானால் அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் கரண்டுக்கு நிம்மதி கிடையாது. ஒரு வீட்டில் கேத்தல் கொதிக்கும், அடுத்ததில் ஸ்கூல் சட்டைகளுக்கு அயன் ஓடும். எல்லாம் ஒரே வயரில் தொங்குவதால், இரண்டு வீட்டில் சேர்ந்தாற்போல் கேத்தல் போட்டால் லயம் முழுக்க அவிந்துபோகும். தேயிலைக்கு மருந்தடிக்கத் தவறாமல் ஆள் வரும். இந்த வயரை மாற்ற ஒருவனும் வந்ததில்லை.

அதனால்தான் சுலக்ஷனா, வேலையைத் தொடங்குமுன் மாமியார் நாகலெட்சுமியை வீடு வீடாக அனுப்பினாள். கொஞ்ச நேரம் யாரும் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. வாசல் இஸ்தோப்பில் நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டுக்கு அடியில், இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டுமென்று சொல்லும் சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் ஓடும் மென்பொருளை, ஃபர்ம்வேரை, மாற்ற வேண்டும். அவளுடைய லெப்டொப்பின் பேட்டரி செத்துப் பல மாதம். சுவர் பிளக்கில் மாட்டினால்தான் உயிர். பாதியில் கரண்டு போனால் பெட்டியும் செத்துவிடும்.

"என்னாடி, பைக்குக்குப் பிரசவமா?" பக்கத்து வீட்டு வேலாயி தலையை நீட்டினாள். "இந்த வீட்டுல அதாவது நடக்கட்டும்."

"நீ மொதல்ல ஓன் கேத்தலக் கழட்டுடி," என்றாள் நாகலெட்சுமி.

சுலக்ஷனா நிமிரவில்லை. லயத்தின் முதல் பட்டதாரி என்று மாலை போட்டவர்கள்தான் இன்று வயிற்றைப் பார்க்கிறார்கள். புருஷன் கட்டாரில் இருந்தால் பிள்ளை தபாலிலா வரும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் வீம்புக்கு இன்னொரு கேத்தல் ஏறும். பேசாமல் கேபிளைச் செருகினாள்.

விடியற்காலைக் குளிரில் பைக் இருமி இருமி நின்றுவிடுகிறது. படிப்பிக்கும் கொத்மலைப் பக்கத்து ஸ்கூலுக்கு அவள் இந்த மாதம் பல நாள் பிந்திப் போய் அதிபரிடம் பேச்சு வாங்கிவிட்டாள். புது ஃபர்ம்வேர் போட்டால் சரியாகும் என்று புருஷன் கிஷாந்த்தான் சொன்னான். சித்திரைக்கு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. வந்த பிறகு அவனே செய்யட்டும் என்று முதலில் நினைத்தாள். அவன்தான் அவசரப்படுத்தினான்.

அந்தப் பெட்டியைப் பைக்கில் பொருத்தியவனும் அவனே. அப்போது ஹட்டன் கராஜில் வேலை. கல்யாணமாகிச் சில மாதம். பட்டிப்பொல ஏற்றத்தில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏறுவான். வளைவில் நிறுத்துவான். லெப்டொப்பை அவள் மடியில் வைத்து, "இப்ப எப்புடி?" என்று கேட்பான். "வெட்டி வெட்டி இழுக்குது, முதுகு நோவுது," என்பாள் அவள். ஒரு எண்ணை மாற்றுவான். மறுபடி ஏறுவார்கள். அப்படி அவன் கையும் அவள் முதுகும் சேர்ந்து எழுதியதுதான் அதிலிருந்த மேப் என்ற பெட்ரோல் கணக்கு. ஊரில் எந்தக் கராஜிலும் அது கிடைக்காது.

போன் அடித்தது. கிஷாந்த்தான், சாப்பாட்டு நேரத்தில் எடுத்திருந்தான். பின்னால் யாரோ இந்தியில் கத்தினார்கள்.

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேங்க. பழைய மேப்ப சேவ் பண்ணவான்னு கேக்குது."

"வேணாம் சுலா. புதுசுல வர்ற கம்பனி மேப்பே இருக்கட்டும். வாங்குறவனுக்கு அதான் சரி."

அவள் கை மவுஸின் மேல் நின்றது.

"யாரு வாங்குறது?"

அவன் குரலைத் தணித்தான். "ரெண்டு வருசத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. பைக் சும்மா துருப்பிடிச்சுக் கெடக்கும்னு..."

"சும்மாவா? நா எதுலடா ஸ்கூலுக்குப் போறது?"

மாமியார் திரும்பிப் பார்த்தாள். தனியாக இருக்கும்போது மட்டும் வரும் அந்த 'டா' இஸ்தோப்பில் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

"பஸ் இருக்குதுல்ல."

"ஒனக்குப் பிளேன் இருக்கு, எனக்குப் பஸ்ஸு. பைக்க நா விக்க மாட்டேன். வேணும்னா நீ வந்து கேளு." போனைக் குப்புற வைத்தாள்.

"டீச்சர், முடிஞ்சிச்சா? தண்ணி ஆறிப் போச்சு," என்றாள் வேலாயி.

திரையில் கேள்வி அப்படியே நின்றது. அவன் வேண்டாமென்றதை இவள் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? 'இல்லை' என்பதை அழுத்தினாள். பச்சைக் கோடு நகர்ந்தது. லயம் முழுக்க ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை. கோடு பாதியைத் தாண்டியபோதுதான் அவள் கை பிளக்குப் பக்கம் போனது. பிடுங்கினால் பைக் பிணம். பிடுங்காவிட்டால் பட்டிப்பொல போயிற்று. அவள் பிளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு முடிந்தது.

"என்னா சொன்னான்?" என்று மாமியார் கேட்டாள்.

"வந்து சொல்றேன் மாமி."

ஒரே அழுத்தில் பைக் கிளம்பியது. இருமலில்லை. வேலாயி வீட்டில் கைதட்டிச் சிரித்தார்கள். கேத்தல்கள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. தலவாக்கலை பக்கம் இறங்கும் பாதையை விட்டுவிட்டு, அவள் மலை ஏறும் பாதையில் திருப்பினாள்.

இன்ஜின் எண்ணெயாக ஓடியது. வெட்டவில்லை, இழுக்கவில்லை, முதுகுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. கொழுந்துச் சரிவின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கைகள் ஏன் இப்படி நீண்டு நோகின்றன என்று குனிந்து பார்த்தாள். அவள் சீட்டின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தாள். டாங்குக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது, பனித்துளி விழுந்து கறுத்துப்போய். முன்னால் நகராமல், கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, அடுத்த வளைவை எடுத்தாள்.