கொக்கு இல்லாத ஏலா

கர்த்தாவே, இவளுக்கு மட்டும் அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? ஒரே கடையில் வாங்கிய சாயம்தானே!

ரெஷ்மா தன் தாளை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த ஷிஜியின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் ஊரின் ஏலாவில், அந்த நெல்வயல் வெளியின் வரப்பில் காலையிலிருந்து பதினான்கு பேர் உட்கார்ந்து வரைகிறார்கள். கிழக்கு ஓரத்தில் டிப்பரில் வந்து விழுந்த செம்மண் ஒரு வீட்டு உயரத்துக்குக் கிடக்கிறது. மீதி வயலையும் நிரப்ப விடக்கூடாது என்றுதான் ஏலா பாதுகாப்பு சமிதி இந்த முகாமை வைத்திருந்தது. தேர்வாகும் ஒரு படம் போஸ்டராகி, பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை சுவரேறும்.

அந்தப் படம் தன்னுடையதுதான் என்று நேற்றுவரை ரெஷ்மா நம்பியிருந்தாள். சபையில் கிறிஸ்துமஸ் மேடைக்குத் திரை வரைவது பதினைந்து வருடமாக அவள்தான். அவள் வரையும் கொக்குக்குத் தனிப் பேர் உண்டு. இன்றும் ஏழு கொக்குகளை நிறுத்தியிருந்தாள். ஷிஜியோ ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். தூரிகை பிடித்து இரண்டு வருடம் ஆகவில்லை.

தூரிகையை நனைக்கும் ஒவ்வொரு முறையும் ஷிஜி வயலை நெடுநேரம் பார்த்தாள். ஒன்பது மணிக்குப் பிறகு தான் வயலைப் பார்க்கவே இல்லை என்பது ரெஷ்மாவுக்கு உறைத்தது. இடையில் ஷிஜி ரெஷ்மாவுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தபோது இன்னும் எரிந்தது. கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

சமிதிச் செயலாளர் சுவாமிதாஸ் சார் ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தார். ரெஷ்மாவின் படத்தருகே, "கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு," என்றார். ஷிஜியின் படத்தருகே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்தத் துடைப்பிலேயே ரெஷ்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இதாக்கும் போஸ்டர். ஆனா ஒரு குறை உண்டு. ஏலான்னா கொக்கு வேண்டாமா? ரோட்டில போறவன் நின்னு பாக்கணும்லா? ரெஷ்மா, உனக்க கையால ரெண்டு கொக்கு போட்டுக் குடு. உனக்க பேரையும் கீழ போடலாம்."

"போடுங்கக்கா," என்று ஷிஜி சிரித்தாள். "நான் போட்டா வாத்துன்னு சொல்லுவினும்."

ரெஷ்மா வெள்ளைச் சாயக் குப்பியைத் திறந்தாள். இரண்டு தீற்றல் போதும், இந்தப் படம் கெட்டு வெறும் காலண்டர் படமாகிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. கைதட்டுவார்கள். ஷிஜியே நன்றி சொல்வாள். நினைக்க இனித்தது.

எங்கே நிறுத்தலாம் என்று வயலை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கொக்கும் இல்லை. செம்மண் கரைந்து வாய்க்காலை அடைத்த பிறகு அவை இந்தப் பக்கம் இறங்குவதில்லை. தன் ஏழு கொக்குகளையும் அவள் மனப்பாடமாகப் போட்டிருந்தாள். ஷிஜியின் தாளில் மண்மேட்டை ஒட்டிய பயிர் வாடி மஞ்சளித்து நின்றது; நடுவில் ஒன்றுமே இல்லாமல் நீர் மட்டும் கிடந்தது. காலையிலிருந்து தன்னைக் குத்திக்கொண்டிருந்தது அந்த வெற்றிடம்தான் என்று அப்போது புரிந்தது.

"போடு மக்கா, என்னத்துக்கு யோசிக்கிய?"

குப்பியை மறுபடி திருகி மூடினாள். பொறாமை போகவில்லை, கூடியிருந்தது.

"இல்ல சார்," என்றாள் மெல்ல. "இதில நான் போடமாட்டேன்."