ஒரே பிரிவில் எல்லாம்

கப்வேயில் அந்தக் கல்லூரியின் கணினி அறைக்குப் போனால் கசோண்டேயும் ஜெரேயும் வைதுகொள்வது வாசலிலேயே கேட்கும். கசோண்டே பெம்பா இனத்தவள், ஜெரே ங்கோனி இனத்தவன். பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்ட இனங்கள், இப்போது கேலி முறைக்காரர்கள். யார் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. அவன் அவளைக் குரங்குதின்னி என்பான், அவள் அவனை எலிதின்னி என்பாள். துக்க வீட்டில்கூட விட்டுவைப்பதில்லை.

கசோண்டேவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல்வர் ஹமூங்கா அம்மா அவளை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு, கல்லூரி இணையத்துக்குக் காவல் நிற்கும் புதிய ஃபயர்வால். பழைய கணினி ஒன்றில் யூனிக்ஸ் ஏற்றினாள். டிஸ்க்கைப் பிரிக்கும் இடம் வந்தபோது, எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் ஒரே பிரிவில் போட்டாள். அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் ஜெரே எட்டிப் பார்த்தான்.

"குரங்குக்குப் பங்கு போடத் தெரியாதுன்னு காட்டிட்டே. வந்தது போனதையெல்லாம் எழுதி வைக்கிற லாக்குக்குத் தனி இடம் குடு. இல்லேன்னா ஒருநாள் வீட்டையே தின்னுடும்."

அதையும் கேலிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். ஆளுக்கொரு வளை கேட்பது எலியின் புத்தி என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை முடித்தாள்.

மாணவர் சேர்க்கை அன்று காலையில் ஒரு கணினிக்கும் இணையம் வரவில்லை. வெளியிலிருந்து வந்து முட்டியதையெல்லாம் ஃபயர்வால் லாக்கில் எழுதித் தள்ளி டிஸ்க்கை நிரப்பியிருந்தது. கணினிகளுக்கு முகவரி வழங்கும் சேவைக்கு ஒரு வரி எழுத இடமில்லை. வாசலில் வரிசை நீண்டது. இன்று சேர்க்கை நின்றால் தன் வேலையும் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய லாக் கோப்பை அழித்தாள். இடம் திரும்பவில்லை. ஜெரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"லாக் எழுதற புரோகிராம் அந்தக் கோப்பை இன்னும் விடல. அதை நிறுத்தி மறுபடி ஓட விடுங்க."

விடுங்க! அந்த மரியாதைதான் அவளை உண்மையிலேயே பயமுறுத்தியது. சொன்னபடி செய்தாள். இடம் திரும்பியது. முகவரிச் சேவையையும் தட்டி எழுப்பினாள். ஒவ்வொரு கணினியாக உயிர் வந்தது.

அதற்குள் ஹமூங்கா அம்மா உள்ளே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"நான்தான்மா பிரிக்காம விட்டேன். இவர் அப்பவே சொன்னாரு, கேலின்னு நினைச்சுட்டேன். சாயங்காலம் லாக்குக்குத் தனியா இடம் ஒதுக்கி மறுபடி ஏத்திடறேன்."

முதல்வர் ஜெரேவைப் பார்த்தார். இவளை நம்பலாமா என்று கேட்டார்.

"குரங்கு தின்னா புத்தி மெதுவாத்தான் வரும்மா. ஆனா தப்பைத் தானே சொல்ற ஆளு, நம்பலாம்."

"இதுல எதும்மா கேலி?" என்று முதல்வர் கசோண்டேவைக் கேட்டார்.

"முதல் பாதிம்மா," என்றாள் கசோண்டே.

இரண்டாம் பாதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, இவளை நிரந்தரமாக்கும் காகிதத்தோடு வைக்க வேண்டும் என்று ஜெரேவிடம் சொல்லிவிட்டு அவர் வரிசையைப் பார்க்கப் போனார்.

கசோண்டே பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பிடி, எலி. கடிச்சுடாதே."